எஸ்எஸ்டியைப் பிரித்துத் தயார் செய்தல்

புது எஸ்எஸ்டி மாட்டக் கொடுத்தால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “சிக்கு எவ்வளவு விடட்டும், டிக்கு எவ்வளவு விடட்டும்?” என்பதுதான். ஹார்ட் டிஸ்க் காலத்தில் அது நல்ல கேள்வி. சுழலும் தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்குள் அதிகத் தகவல் அடங்கும். முதலில் போடும் பார்ட்டிஷன் அந்த விளிம்பில்தான் விழும். சி டிரைவைச் சிறியதாக வைத்தால், படிக்கும் முனை அங்குமிங்கும் ஓட வேண்டிய தூரமும் குறையும். அதனால் விண்டோஸ் சற்று வேகமாகத் திறக்கும். பிரிப்பதே ஒரு வேக வைத்தியமாக இருந்த காலம் அது.

எஸ்எஸ்டிக்குள் தட்டும் கிடையாது, முனையும் கிடையாது. உள்ளே இருப்பவை ஃப்ளாஷ் சிப்புகளும் அவற்றை ஆளும் கன்ட்ரோலர் சிப்பும். ‘சி டிரைவின் பத்தாயிரமாவது செக்டாரில் எழுது’ என்று விண்டோஸ் சொன்னால், கன்ட்ரோலர் அதை எங்கே வசதியோ அங்கே எழுதிவிட்டு, எங்கே வைத்தோம் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. நாளை அதே செக்டாரில் மறுபடி எழுதினால் அது வேறோர் இடத்துக்குப் போகும். சி, டி என்று நாம் போடும் கோடு விண்டோஸுக்குத்தான் தெரியும், சிப்புகளுக்குத் தெரியாது. டி டிரைவில் இருக்கும் கல்யாண வீடியோவும் சி டிரைவில் இருக்கும் விண்டோஸ் கோப்பும் ஒரே சிப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கலாம். தேய்மானத்தையும் கன்ட்ரோலர் முழு டிரைவுக்கும் சேர்த்தே பகிர்ந்து விடுகிறது. ஆகவே ‘சி மட்டும் தேய்ந்துபோகும், டி பத்திரமாக இருக்கும்’ என்ற கணக்குக்கு இங்கே இடமில்லை.

எஸ்எஸ்டியின் வேகம் மூன்று விஷயங்களைப் பொறுத்தது. பார்ட்டிஷன் சரியான இடத்தில் தொடங்குகிறதா, டிரிம் என்ற கட்டளை (விளக்கம் பின்னால் வரும்) டிரைவுக்குப் போய்ச் சேருகிறதா, காலி இடம் மிச்சமிருக்கிறதா? எத்தனை பார்ட்டிஷன் என்பது உங்கள் வசதியைப் பொறுத்த தனிக் கேள்வி. இந்த அத்தியாயம் முழுக்க வேகத்தையும் வசதியையும் குழப்பிக்கொள்ளாமல் போவோம்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் யோசனைகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதும் அலகு ஒன்று, அழிக்கும் அலகு வேறொன்று. எழுதுவது ‘பேஜ்’ கணக்கில் நடக்கும். ஒரு பேஜ் 4 கேபி முதல் 16 கேபி வரை இருக்கும். அழிப்பது ‘பிளாக்’ கணக்கில். ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள் அடங்கும், இன்றைய டிரைவ்களில் அது பல எம்பி வரை போகும். கரும்பலகையில் வரி வரியாக எழுதலாம், ஆனால் துடைத்தால் முழுப் பலகையையும்தான் துடைக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதிய பேஜின் மேல் எழுத வழியே இல்லை. புதிய பேஜில் எழுதி, பழையதை ‘செல்லாது’ என்று குறிக்க வேண்டும்.

நாளடைவில் செல்லும் பேஜும் செல்லாத பேஜும் கலந்த பிளாக்குகள் சேரும். அவற்றை மறுபடி பயன்படுத்த, செல்லும் பேஜ்களை மட்டும் வேறு பிளாக்குக்கு நகர்த்திவிட்டு மொத்தத்தையும் அழிக்க வேண்டும். கன்ட்ரோலர் இந்தத் துப்புரவு வேலையை ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் செய்கிறது. காலி பிளாக்குகள் கையிருப்பில் இருக்கும்வரை எழுதும் வேகம் குறையாது. அவை தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் நகர்த்து, அழி, எழுது என்று மூன்று வேலை. வாங்கிய புதிதில் பறந்த எஸ்எஸ்டி ஒரு வருடத்தில் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாட்டுவதற்கு முன்

எம்.2 வடிவ டிரைவில் இரண்டு ஜாதி உண்டு: சாட்டா, என்விஎம்இ. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், 2280 என்ற அளவும் ஒன்றே. அதாவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். ஆனால் எல்லா ஸ்லாட்டும் இரண்டையும் ஏற்காது. மதர்போர்டின் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு தானாக அணைந்துவிடும், அதுவும் கையேட்டில்தான் இருக்கும். பழைய கணினிகளின் பயாஸ் பலவற்றுக்கு என்விஎம்இயிலிருந்து பூட் ஆகத் தெரியாது. அவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும். வருத்தப்பட வேண்டியதில்லை, ஏன் என்று கடைசியில் அளக்கும்போது பார்ப்போம்.

பயாஸுக்குள் சென்று சாட்டா பயன்முறை ஏஎச்சிஐ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஐடிஇ என்றிருந்தால் விண்டோஸ் நிறுவுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். நிறுவிய பிறகு மாற்றினால் நீலத் திரை வந்து நிற்க வாய்ப்பு அதிகம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்கள் சிலவற்றில் இன்னொரு சிக்கல்: விண்டோஸ் நிறுவும் திரையில் டிரைவே தெரியாது. டிரைவ் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, ‘லோட் டிரைவர்’ பொத்தான் வழியாக ஏற்றினால் டிரைவ் தெரிந்துவிடும்.

கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை முதலிலேயே புதுப்பித்துவிடுங்கள். டிரைவ் காலியாக இருக்கும்போது செய்தால் தகவல் இழக்கும் ஆபத்து இல்லை. இதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால் அவை 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், தகவலோடு சேர்ந்து செத்துப்போகும் என்பதுதான் செய்தி. ஒரே நாளில் வாங்கி ஒரே பெட்டியில் மாட்டிய டிரைவ்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போயிருக்கும். வீட்டு டிரைவ்களுக்கும் இப்படித் திருத்தங்கள் வருவதுண்டு. தயாரிப்பாளரின் இலவசக் கருவியில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.

முன்பே பயன்படுத்திய எஸ்எஸ்டி என்றால் செக்யூர் இரேஸ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். தயாரிப்பாளரின் கருவியிலோ, பல மதர்போர்டுகளின் பயாஸிலேயோ இந்த வசதி இருக்கும். எல்லா பிளாக்குகளையும் கன்ட்ரோலரே அழித்துக்கொள்ளும், டிரைவ் புதிதுபோல ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்வதுபோல முழு ஃபார்மட் போடுவதும், விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் ‘கிளீன் ஆல்’ கொடுப்பதும் வேண்டாம். அவை டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதும். ஒரு சுற்றுத் தேய்மானம் வீணாகும், பலன் ஒன்றுமில்லை. வெறும் ‘கிளீன்’ போதும், அது பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும் நீக்கும். க்விக் ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் அந்தப் பகுதி முழுவதற்கும் டிரிம் அனுப்பிவிடுகிறது.

500 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 465 என்று காட்டும். கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். தயாரிப்பாளர் 1,000 கணக்கில் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 கணக்கில் வகுக்கிறது. 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று தெரியும். ஆனால் பெயர் தெரியாத 4 டிபி டிரைவ் நம்ப முடியாத மலிவு விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். பொய்க் கொள்ளளவைக் காட்டும்படி ஃபர்ம்வேர் மாற்றிய டிரைவ்கள் சந்தையில் சுற்றுகின்றன. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நகலா, புது நிறுவலா

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவர்களுக்கு இரண்டு வழி. இருக்கும் விண்டோஸை அப்படியே நகலெடுக்கலாம், அல்லது புதிதாக நிறுவலாம். என் பரிந்துரை புது நிறுவல்தான். ஐந்தாறு வருடம் ஓடிய விண்டோஸில் தேவையற்ற சேவைகளும் செத்த டிரைவர்களும் சேர்ந்திருக்கும். அத்தனையையும் புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மறுபடி நிறுவ முடியாத மென்பொருள் ஏதேனும் இருந்தால் மட்டும் நகல் எடுங்கள். பழைய டேலி உரிமம், சிடி தொலைந்துபோன அச்சக மென்பொருள் போன்றவை இந்த வகை. சாம்சங் போன்ற நிறுவனங்கள் தங்கள் டிரைவை வாங்கியவர்களுக்கு நகல் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன.

நகலெடுப்பதற்கு முன் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா எனப் பார்த்து அணைத்துவிடுங்கள். அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. தன் டிரைவ் பூட்டப்பட்டிருப்பதே தெரியாமல் பார்ட்டிஷனில் கைவைப்பவர்கள் நிறைய. நகல் முடிந்த பிறகு முதல் தடவை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு புதியதை மட்டும் வைத்து இயக்குங்கள். ஒரே அடையாள எண்ணுடன் இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

நிறுவும் திரையில்

புது நிறுவலிலும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக: விண்டோஸ் போகவேண்டிய எஸ்எஸ்டியைத் தவிர மற்ற டிரைவ்களின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பழைய டிஸ்க் மாட்டியபடியே நிறுவினால், அதில் ஏற்கெனவே இருக்கும் பூட் பார்ட்டிஷனிலேயே விண்டோஸ் தன் பூட் கோப்புகளை எழுதிவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் நாளில், புது எஸ்எஸ்டியில் முழு விண்டோஸ் இருந்தும் கணினி எழுந்திருக்காது.

இப்போது திரையைப் பாருங்கள். புது டிரைவ் என்றால் ‘அன்அலொகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். பக்கத்தில் மொத்த அளவு 465.8 ஜிபி என்பதுபோல எழுதியிருக்கும். பழைய டிரைவ் என்றால் நான்கைந்து வரிகள் வரும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டிலீட் கொடுத்து, ஒரே வரி மிஞ்சும் வரை போங்கள். மற்ற டிரைவ்களைக் கழற்றிவிட்டதால் தவறான டிரைவை அழிக்கும் பயம் இல்லை. அந்த ஒரே வரியைத் தேர்ந்தெடுத்து, புதுப் பார்ட்டிஷன் போடும் பொத்தானைத் தொடாமல் நேராக ‘நெக்ஸ்ட்’ அழுத்துங்கள். தேவையான சிறு பார்ட்டிஷன்களை விண்டோஸே போட்டுக்கொள்ளும். பூட் கோப்புகளுக்கு 100 எம்பி, தன் சொந்த உபயோகத்துக்கு 16 எம்பி, நடுவில் சி டிரைவ், கடைசியில் சில நூறு எம்பியில் ஒரு மீட்புப் பார்ட்டிஷன்.

இடம் வீணாகிறது என்று அந்தச் சிறு பார்ட்டிஷன்களை அழிப்பவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட், மீட்புப் பார்ட்டிஷனில் போதிய இடம் இல்லாததாலேயே எத்தனையோ கணினிகளில் ஏறாமல் நின்றது. அந்தப் பார்ட்டிஷனை 250 எம்பி பெரிதாக்கும் வழிமுறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டியதாயிற்று.

பார்ட்டிஷன் அட்டவணையில் ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு வகை. உங்களுடையது ஜிபிடியாக இருக்கட்டும். விண்டோஸ் 11க்கு, பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ வழி பூட் கட்டாயம், அதற்கு ஜிபிடி வேண்டும். எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் பார்க்காது, நான்கு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல் தராது. யூஇஎஃப்ஐ இல்லாத மிகப் பழைய கணினியில் மட்டும் எம்பிஆர் தவிர்க்க முடியாதது. 500 ஜிபி டிரைவுக்கு அதனால் வேகக் குறைவு ஏதுமில்லை. எம்பிஆரில் ஓடும் விண்டோஸ் 10ஐத் தகவல் அழியாமல் ஜிபிடிக்கு மாற்ற, எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்றா, இரண்டா

250 ஜிபி அளவுள்ள டிரைவ் என்றால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சிக்கு 100, டிக்கு 130 என்று பிரித்த கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே கதைதான் நடக்கும்: விண்டோஸ் அப்டேட், வாட்ஸ்அப் படங்கள், டவுன்லோடு, பிரவுசர் கேஷ் எல்லாம் சிக்குள்ளேயே குவியும். சி சிவப்பாகி நிற்கும், டி பாதி காலியாகக் கிடக்கும். மொத்த டிரைவில் இடம் இருந்தும் அப்டேட் ஏறாது.

பிரிப்பதில் ஒரே ஒரு நியாயமான லாபம் இருக்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவ நேர்ந்தால் சியை மட்டும் அழித்துவிட்டு டியில் உள்ள கோப்புகளை விட்டுவைக்கலாம். குடும்பத்தில் நான்கு பேர் பயன்படுத்தும் கணினிக்கும், அடிக்கடி வைரஸ் பிடிக்கும் கடைக் கணினிக்கும் இது பெரிய வசதி. அப்படிப் பிரிப்பதானால் 500 ஜிபியில் சிக்கு 200 ஜிபிக்குக் குறையாமலும், 1 டிபியில் 300 ஜிபிக்குக் குறையாமலும் விடுங்கள். டி இருப்பதால் பேக்கப் இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். டிரைவ் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பிரிக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. நிறுவும் திரையிலேயே 200 ஜிபியை வெட்டி சி போட்டால், விண்டோஸ் தன் மீட்புப் பார்ட்டிஷனை அந்த 200 ஜிபியின் வாலில் வைக்கும். அதற்குப் பின்னால்தான் டி வரும். பிற்பாடு சியைப் பெரிதாக்க நினைத்தால் மீட்புப் பார்ட்டிஷன் நடுவில் குறுக்கே நிற்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘எக்ஸ்டென்ட் வால்யூம்’ மங்கலாகத் தெரிவதற்கு அதுவே காரணம், ஏனென்றால் வலது பக்கம் ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே முழு டிரைவையும் விண்டோஸுக்குக் கொடுத்து நிறுவி முடியுங்கள். முதல் முறை டெஸ்க்டாப் தெரிந்ததும், வேறு எதையும் ஏற்றுவதற்கு முன், ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் சியின் மேல் ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். கிடைக்கும் இடத்தில் டி போடுங்கள். இப்போது மீட்புப் பார்ட்டிஷன் கடைக்கோடியில் இருக்கும், சிக்கும் டிக்கும் நடுவே எதுவும் இராது. நாளைக்கு டியைக் காலி செய்து நீக்கினால் சி தாராளமாக விரியும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. நாளாக ஆக நகர்த்த முடியாத கோப்புகள் சியின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பாதிகூடச் சுருக்க விடாது.

டி போட்ட பிறகு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை அங்கே மாற்றிவிடுங்கள். ஃபோல்டரை வலது சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸ், அதில் லொகேஷன், பிறகு மூவ். இதைச் செய்யாவிட்டால் டி இருந்தும் இல்லாததுபோலத்தான். ஃபார்மட் கேட்கும்போது என்டிஎஃப்எஸ்ஸும் அதன் இயல்பான 4 கேபி அலகும் அப்படியே இருக்கட்டும்.

தொடங்கும் இடம்

விண்டோஸ் எக்ஸ்பி வரை முதல் பார்ட்டிஷன் 63ஆவது செக்டாரில் தொடங்கும். 63ஐ 512ஆல் பெருக்கினால் 32,256 பைட். இது 4,096ஆல் மீதியின்றி வகுபடாது. விளைவு, விண்டோஸ் எழுதும் ஒவ்வொரு 4 கேபியும் டிரைவின் இரண்டு 4 கேபி அலகுகளின் மேல் பாதிப் பாதியாக விழும். ஒரு வேலைக்கு இரண்டு எழுத்து, இரண்டு தேய்மானம். 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து பார்ட்டிஷன் 1 எம்பி எல்லையில், அதாவது 1,048,576ஆவது பைட்டில் தொடங்குகிறது. அது 4,096இன் சரியாக 256 மடங்கு.

புதிதாக நிறுவியவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய டிஸ்க்கிலிருந்து நகல் எடுத்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த டிஸ்க் எக்ஸ்பி காலத்தில் பிரிக்கப்பட்டிருந்தால் அந்த 63 இன்னும் கூடவே வரும். ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, காம்போனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போங்கள். ‘பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்’ என்ற வரியில் உள்ள எண்ணைக் கால்குலேட்டரில் 4,096ஆல் வகுங்கள். முழு எண் வந்தால் சரி. 32,256 என்று இருந்தால் விடை 7.875 வரும், அந்த நகலை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

டிரிம்

நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் விண்டோஸ் தன் பட்டியலில் மட்டும்தான் அதை நீக்குகிறது. அந்தப் பேஜ்கள் இனி வேண்டாம் என்பது கன்ட்ரோலருக்குத் தெரியாது. தெரியாததால், செத்துப்போன கோப்பின் பேஜ்களையும் துப்புரவின்போது பொறுப்பாக நகர்த்தி நகர்த்திக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். இந்தத் தகவலைச் சொல்வதற்கென்றே வந்த கட்டளைதான் டிரிம். விண்டோஸில் 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது இருக்கிறது.

இயங்குகிறதா என்று பார்ப்பது எளிது. ஸ்டார்ட்டில் ‘டீஃபிராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ தேடித் திறங்கள். மீடியா டைப் என்ற பத்தியில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று இருக்க வேண்டும். கடைசிப் பத்தியில், முந்தைய ரீட்ரிம் நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியும். வாராந்தர அட்டவணை இயங்கட்டும், அணைக்காதீர்கள். எஸ்எஸ்டிக்கு டீஃபிராக் கூடாது என்று கேள்விப்பட்டுப் பலர் இந்த அட்டவணையையே நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் 8 முதல் எஸ்எஸ்டிக்கு இந்தப் பொத்தான் செய்யும் முக்கிய வேலை டிரிம் அனுப்புவதுதான். அதை நிறுத்துவது டிரைவுக்குச் செய்யும் கெடுதல். யுஎஸ்பி உறைக்குள் போட்ட எஸ்எஸ்டிக்கு டிரிம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது, அது உறையில் உள்ள சிப்பைப் பொறுத்தது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு உபுண்டு போன்றவற்றில் எஃப்எஸ்டிரிம் என்ற வாராந்தர வேலை தானாகவே இயங்கும். எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பைப் போட்டு, ஹோம் ஃபோல்டருக்குத் தனிப் பார்ட்டிஷன் வைப்பதா வேண்டாமா என்று மேலே சியும் டியும் பற்றிச் சொன்னதையே வைத்து முடிவெடுங்கள்.

காலி இடம்

எஸ்எஸ்டிக்குள் தயாரிப்பாளர் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஃப்ளாஷை நம் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருப்பது வழக்கம். துப்புரவுக்கான கையிருப்பு அது. அதற்கு மேல் நாமும் 10 முதல் 20 சதவீதம் காலி விட்டால் டிரைவ் நிம்மதியாக மூச்சுவிடும்.

இன்றைய டிரைவ்களுக்கு இது முன்பைவிட முக்கியம். டிஎல்சி வகையில் ஒரு செல்லில் 3 பிட், க்யூஎல்சியில் 4 பிட் திணிக்கிறார்கள், அப்படி எழுதுவது மெதுவான வேலை. அதை மறைக்க, காலியாக உள்ள செல்களில் தற்காலிகமாக 1 பிட் மட்டும் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வில் அடுக்கிவைக்கும் உத்தியைக் கையாளுகிறார்கள். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்த வேகப் பகுதி சுருங்கும். முக்கால்வாசிக்கு மேல் நிரம்பிய மலிவு க்யூஎல்சி டிரைவில் 60 ஜிபி வீடியோவை நகலெடுத்துப் பாருங்கள். முதல் சில ஜிபி அம்புபோலப் போகும், பிறகு நகலெடுக்கும் கட்டத்தின் பச்சைக் கோடு சரிந்து ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும்.

காலி இடத்தைப் பார்ட்டிஷன் போடாமல் விட வேண்டுமா, பார்ட்டிஷனுக்குள் விட்டால் போதுமா? டிரிம் ஒழுங்காக இயங்கினால் கன்ட்ரோலருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இடம் தெரிந்தால் நிரப்பிவிடும் கைகள் வீட்டில் இருந்தால், கடைசி 40, 50 ஜிபியை அன்அலொகேட்டடாகவே விடுவது நல்ல காவல்.

கைவைக்க வேண்டாதவை

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தில் பேஜ்ஃபைலை அணை, ஹைபர்னேஷனை அணை, இன்டெக்ஸிங்கை நிறுத்து என்று நீளும் பட்டியல்கள் 2010 வாக்கில் எழுதப்பட்டவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி டிரைவுக்கு 300 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 40 ஜிபி எழுதினால்கூட 7,500 நாள், அதாவது 20 வருடத்துக்கு மேல். வீட்டுக் கணினி தினம் 40 ஜிபி எழுதாது. பேஜ்ஃபைலை அணைத்தால், ரேம் குறைவான கணினியில் மென்பொருள்கள் பாதியில் விழும். பேஜ்ஃபைலுக்கு எஸ்எஸ்டியே நல்ல இடம். ஹைபர்னேஷன் கோப்பு ரேமின் அளவில் சுமார் 40 சதவீத இடத்தை டிரைவில் பிடிக்கும், சிறிய டிரைவில் அந்த இடம் தேவைப்பட்டால் மட்டும் அணையுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பாலிசிஸ் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதான ரைட் கேஷிங் டிக் ஆகியிருக்கட்டும். இரண்டாவது, கேஷைக் காலி செய்யும் கட்டளையையே நிறுத்துவது. வேகத்துக்காக அதை டிக் செய்யச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கோப்பு அமைப்பே சிதையலாம்.

அளந்து பார்த்தல்

எல்லாம் முடிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் ஓட்டிப் பாருங்கள். மேல் வரிசையில் வரும் பெரிய எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். சாட்டா எஸ்எஸ்டிக்கு அது நொடிக்கு 550 எம்பியைத் தொடும், நான்காம் தலைமுறை என்விஎம்இக்கு 7,000 வரை போகும். நீங்கள் பார்க்க வேண்டியது கீழ்க்கோடி வரிசை, ஆர்என்டி4கே க்யூ1டி1. விண்டோஸ் திறப்பதும் மென்பொருள் தொடங்குவதும் இப்படிப்பட்ட சிறு சிறு படிப்புகளால் ஆனவை. அதில் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 1 எம்பியைத் தாண்டாது. சாட்டா எஸ்எஸ்டி 30, 40 எம்பி காட்டும். நல்ல என்விஎம்இ 50 முதல் 80. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்குப் போகும் தாவல் முப்பது மடங்கு, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவது இரண்டு மடங்கு. பழைய லேப்டாப்புக்குச் சாட்டா வாங்கியவர்கள் வருத்தப்பட வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான். பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அவர்கள் என்விஎம்இக்குச் செலவிடலாம்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். மறந்துபோன கோப்பு ஏதாவது நினைவுக்கு வரும். பிறகு யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தூங்க வேண்டிய புகைப்படங்களுக்கு எஸ்எஸ்டியைவிட அதுவே பொருத்தம். சிப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு தகவலைக் காத்தால் போதுமானது. புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் செல்லில் உள்ள மின்னூட்டம் வெப்பத்தில் வேகமாகக் கசியும் என்பதை மனதில் வைத்து, கழற்றி வைத்த எஸ்எஸ்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது கணினியில் மாட்டி, உள்ளே இருக்கும் கோப்புகளைப் படித்துப் பாருங்கள்.